குருமனைக்குப் புதுச் சட்டை

ஒரு சின்ன ஊரில், தேவாலயத்துப் போதகர்கள் குடியிருக்கும் குருமனை ஒன்று இருந்தது. வயது நூற்றைம்பது. போதகர்கள் மாற்றலாகி வந்தார்கள், போனார்கள். அது மட்டும் சுண்ணாம்புச் சுவரும் ஓட்டுக் கூரையுமாக அப்படியே நின்றது.

ஒருநாள் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. அதிகாரி நேரில் வருவார். பழமையான கட்டடம் என்று அவர் எழுதிக் கொடுத்தால் குருமனை பிழைக்கும். இல்லையென்றால் இடித்துவிட்டுக் கடைகள் கட்டப்படும்.

"பெரிய மனுசன் வர்றாரு, குருமனை இப்படி அழுக்கு வேட்டியோடயா நிக்கிறது?" என்று பதறினார் சபைச் செயலாளர் ஜெபமணி. அந்த ஊர் வழக்கம் அது. யார் வந்தாலும் முதலில் பெயிண்ட் வாளியைத்தான் தூக்குவார்கள்.

சுண்ணாம்புச் சுவர் கத்தியது. "யோவ் குருமனை! வயசுதான்யா உன் சரக்கு. அதையே மூடிட்டா எதைக் காட்டி விலை பேசுவ?"

"சும்மா கிட. ஓசியில புதுச் சட்டை கிடைக்குது, உனக்கு ஏன் எரியுது?" என்றது குருமனை.

பத்தே நாள். சுவர்மேல் சிமெண்ட், அதன்மேல் ஊதா டைல்ஸ். கூரை ஓடுகளை இறக்கிவிட்டு நீலத் தகரம். தேக்குச் சன்னலைப் பிடுங்கிவிட்டு அலுமினியம். அந்த அலுமினியச் சன்னலுக்கு வந்த அன்றைக்கே திமிர். "இந்த வீடே என்னாலதான் எடுப்பா இருக்கு" என்றது.

அதிகாரி வந்தார். இளநீர் குடித்தார். ஒரு சுற்று சுற்றினார்.

"பழைய குருமனை எங்கேங்க?"

"இதேதாங்கய்யா! எப்படி, புதுசு மாதிரியே இல்ல?" ஜெபமணிக்கு வாயெல்லாம் பல்.

"ஆமாங்க" என்றார் அதிகாரி. அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

மறுமாதம் பொக்லைன் வந்தது.

"நில்லுப்பா! எனக்கு நூத்தம்பது வயசு!" என்று அலறியது குருமனை.

"டைல்ஸைப் பார்த்தா பத்து நாள் பிள்ளை மாதிரி இருக்க. பேச்சைப் பாரு!" என்று கையை ஓங்கியது பொக்லைன்.

ஒரே குத்து. டைல்ஸ் சில்லுச் சில்லாய்க் கொட்டியது. உள்ளே சுண்ணாம்புச் சுவர் கீறல்கூட விழாமல் நின்றது. ஒடிந்தது பொக்லைனின் பல்தான்.

"அடப்பாவி, நீ நிஜமாவே பழசுதான்!"

"அதை அந்த அதிகாரிகிட்ட போய்ச் சொல்லேன்!"

"நான் வாடகைக்கு வந்தவன்யா. என் பேச்சை எவன் கேப்பான்?" என்றபடி அது மறுபடியும் கையை ஓங்கியது.

தகரமும் அலுமினியமும் அரை மணியில் விழுந்தன. சுவர் விழ ஒன்பது நாள் பிடித்தது.

ஒன்பதாம் நாள், ஜெபமணி தூசியைத் தட்டிக்கொண்டே வாய் பிளந்து சொன்னார்:

"அடேயப்பா, என்னா கெட்டி! இப்படிப்பட்ட கட்டடத்தை எல்லாம் இடிக்க விடலாமாய்யா?"