மயில் அடைத்த அடுப்பு

முன்னொரு காலத்தில் கூவளநாட்டைப் பூபாலமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் அவனிடம் வேலை பார்த்தவர்களைக் கேட்டால்தான் பாடு தெரியும். அரண்மனையில் அறுசுவை விருந்து ஆறிக்கொண்டிருக்கும்; இவனுக்கோ காட்டில் மரத்தடியில் உட்கார்ந்து சுடச்சுடத் தின்றால்தான் சோறு உள்ளே இறங்கும்.

ஒருமுறை வேட்டைக்குப் போன இடத்தில் மூன்று கல்லைக் கூட்டிச் சமைத்தபோது புகை அவன் கண்ணில் பட்டுவிட்டது. போயிற்று. கையோடு தூக்கிப்போகச் சின்ன விறகடுப்பு வேண்டும், நாட்டில் உள்ளதையெல்லாம் கொண்டுவாருங்கள், ஒப்பிட்டுப் பார்த்து நானே தேர்ந்தெடுப்பேன் என்று உத்தரவு போட்டான்.

தேர்ந்தெடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே? அதுதான் கிடையாது. இரும்பு அடுப்பில் உலை சீக்கிரம் கொதித்தது. பானை ஆடுகிறது என்றான். மண்ணடுப்பில் பானை ஆடாமல் நின்றது, கனக்கிறது என்றான். இவன் எங்கே தூக்கினான்? தூக்கிவந்தவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். கனமில்லாத ஒன்றைக் கொண்டுவந்து வைத்தால், ஓயாமல் சுள்ளி ஊட்ட வேண்டியிருக்கிறதே, இது அடுப்பா கைக்குழந்தையா என்று கேட்டான். ராஜா கூடாரமடித்திருந்த ஆற்றங்கரை முகாம் முழுக்க அடுப்புகள் வரிசைகட்டி நின்றன. ஒருவர் வயிறும் நிறையவில்லை.

இந்த நேரம் பார்த்து உள்ளே புகுந்தார் சீரங்கராயர். கொலு மண்டபத்துக்குப் பொறுப்பானவர். மந்திரி திருமேனியாரை ராஜா ஒரு வார்த்தை புகழ்ந்துவிட்டால் போதும், இவருக்கு அன்றைக்குத் தூக்கம் வராது. அவர் கொண்டுவந்தது பளபளக்கும் பித்தளை அடுப்பு. சிங்கக் கால், தாமரை விளிம்பு. அடியில் காற்றுப் போகிற துளையில் ஒரு பித்தளை மயில். மயில் அந்த நாட்டு ராஜ இலச்சினை. ராஜாவுக்கு ஒரே பூரிப்பு.

பற்றவைத்தால் புகைந்தது. ஊதினால் இன்னும் புகைந்தது. சமையல்காரன் நாகலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுப்புக்கு மூச்சு முட்டுகிறது, அடியில் காற்றுப் போக வழியில்லை என்று மெதுவாகச் சொன்னான்.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்," என்றார் சீரங்கராயர். "மகாராஜாவின் மயிலையே குறை சொல்கிறான்."

பசியில் இருந்த ராஜாவுக்கு அது போதுமாயிருந்தது. அந்திக்குள் வாய்க்கு விளங்குகிற சோறு வரவில்லையென்றால் நாகலிங்கம் பெண்டாட்டி பிள்ளைகளோடு நாட்டை விட்டே போய்விட வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கூடாரத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டான். நாகலிங்கத்தின் மனைவிக்கு அது நிறைமாதம். மயிலைப் பிடுங்கிப் போட்டால் காரியம் முடிந்தது. ஆனால் ராஜ இலச்சினையில் கை வைத்தால் கை போய்விடும். அவன் மந்திரியிடம் ஓடினான்.

மந்திரிக்கும் அன்று காலையிலிருந்து பட்டினி. "ஒரு அடுப்பைப் பற்றவைக்க ஒரு நாடே சேர்ந்து மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது," என்று தலையில் அடித்துக்கொண்டு எழுந்தார். இலச்சினையைத் தொடும் உரிமை நாட்டில் அவர் ஒருவருக்குத்தான் உண்டு. மறைப்புத் துணி கட்டச் சொன்னார். எல்லோரும் பார்க்கும்படி ஒரு பழைய மண்ணடுப்பைத் தம் தோளிலேயே சுமந்து மறைப்புக்குள் போனார். பித்தளை அடுப்பு ஏற்கெனவே உள்ளேதான் இருந்தது. மயிலைக் கும்பிட்டுக் கழற்றி, பட்டுத்துணி விரித்து அதன்மேல் உட்காரவைத்தார். கழற்றியதுதான் தாமதம், சுள்ளி படபடவென்று பிடித்துக்கொண்டது. மண்ணடுப்பு ஓரமாகச் சும்மா கிடந்தது.

அந்திக்கு முன்பே வரகரிசிப் பொங்கல் இலைக்கு வந்தது. ராஜா ஒரு வாய் வைத்தான், அப்புறம் தலையே நிமிரவில்லை. இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்ட பிறகுதான், இது எந்த அடுப்பில் வெந்தது என்று கேட்டான்.

சீரங்கராயருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மண்ணடுப்பு உள்ளே போனதை அவர் கண்ணால் பார்த்தவராயிற்றே. முந்திக்கொண்டு ஒரு கவளத்தை வாயில் போட்டு முகத்தைச் சுளித்தார்.

"அடிப்பிடித்திருக்கிறது, மகாராஜா. புகை நாற்றம் வேறு. அடுப்பு என்றால் தகுதி வேண்டாமா?"

"நாகலிங்கம் சரியாக ஊதவில்லையோ?" என்று மந்திரி அப்பாவியாகக் கேட்டார்.

"சமையல்காரன் என்ன செய்வான், பாவம்? அடுப்பு கோளாறாக இருந்தால் அவன் உயிரை விட்டு ஊதினாலும் அவ்வளவுதான். அவனைத் துரத்துவது அநியாயம். இப்படிப்பட்ட அடுப்பை ராஜ சமுகத்துக்குக் கொண்டுவந்தாரே, அவரைத்தான் துரத்த வேண்டும்."

"சபையறியச் சொல்கிறீரா?"

"சபையறியச் சொல்கிறேன்."

மந்திரி மறைப்பை விலக்கினார். சிங்கக் கால் அடுப்பில் தணல் கனன்றுகொண்டிருந்தது. மண்ணடுப்பில் ஒரு பொட்டுச் சாம்பல்கூட இல்லை. மயில் பட்டுத்துணியில் ஒய்யாரமாக உட்கார்ந்திருந்தது.

"மகாராஜாவின் மயில் புகையில் நிற்பது மரியாதையில்லை என்று எடுத்து வைத்தேன்," என்றார் மந்திரி. "எந்த அடுப்பானாலும் காற்றுப் போனால்தான் எரியும். அலங்காரத்தை வழியில் நிறுத்தினால் புகையத்தான் செய்யும். அரண்மனைக்கும் அதே கதைதான், மகாராஜா."

ராஜாவுக்கு முதலில் வெட்கம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. நாகலிங்கத்தை அருகே கூப்பிட்டு, தன் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி, பிறக்கப்போகும் பிள்ளைக்கு என்று சொல்லி அவன் கையில் வைத்தான். நாகலிங்கம் அழுதேவிட்டான். மந்திரிக்குத் தன் இலையிலிருந்தே பொங்கலை அள்ளி வைத்தான். ராஜா கையால் அதைவிடப் பெரிய பரிசு கிடையாது, பட்டினி கிடந்தவருக்கு அதைவிட அவசரமானதும் கிடையாது.

"ராயரே, நீர் சொன்ன தீர்ப்புப்படி நீர்தான் நாட்டை விட்டுப் போக வேண்டும்," என்றான் ராஜா. "போக வேண்டாம். இனி முகாமுக்கு முகாம் இந்த அடுப்பை நீரே தலையில் சுமந்து வாரும்."

மறுநாள் வெயிலில் ஊர்வலம் தலைநகருக்குத் திரும்பியது. பித்தளைச் சிங்கம் பிடரியில் இடிக்க, சீரங்கராயர் கடைசியில் தள்ளாடி வந்தார். முன்னால் போய்க்கொண்டிருந்த நாகலிங்கம் நின்று திரும்பி, ரொம்ப மரியாதையாகச் சொன்னான்:

"ஐயா, கொஞ்சம் எட்டி நடங்க. மகாராஜாவுக்குப் பசிக்குதாம்."