வேணிக்குக் குதிக்க ஒரு இடம்

இங்க வா, சுவர் பக்கமாப் படு. கட்டில் ஓரத்துல நீ படுத்தா, விழுந்துடுவியோங்கிற பயத்துல எனக்குக் கதையே வராது. ம், இப்பச் சரி. கதையும் சரியா வருமான்னு தெரியல. உங்க அம்மா மாதிரி நான் காலேஜ் படிச்சவ இல்ல, ஏழாவதோட நின்னவ. எதையாவது முன்ன பின்ன மாத்திச் சொல்லிட்டா, நாளைக்கு நீ பள்ளிக்கூடத்துல போய் எங்க பெரியம்மா தப்பாச் சொன்னாங்கன்னு சொல்லுவ. தப்புன்னு தோணினா என் கையைக் கிள்ளு. சரின்னா "ம்" சொல்லு.

ம்.

ஒரு ஊர்ல ஒரு மாடி வீடு. கீழ வீட்டுக்காரர் பரமநாதனும் அவர் சம்சாரமும் இருந்தாங்க. மேல வாடகைக்கு செல்லக்கனின்னு ஒருத்தி, அவ பொண்ணு வேணி. வேணிக்கு உன்னை மாதிரி அஞ்சு வயசு. அவ அப்பா லாரி எடுத்துட்டுப் போனா பத்து நாள் கழிச்சுத்தான் வருவார்.

இந்தச் செல்லக்கனிக்கு எல்லாத்துக்கும் பயம். பால் பொங்கினா பயம், பொங்க நேரமானாலும் பயம். ஆனா அவ வயித்துல பொறந்த வேணிக்குப் பயம்னா என்னன்னே தெரியாது. காலைல கண்ணு முழிச்சதும் குதிப்பா. தொம். பல்லு விளக்கிக்கிட்டே தொம். இட்லிக்கு ஒரு தொம், சட்னிக்கு ஒரு தொம்.

மேல தொம்முன்னா கீழ என்னாகும்? பரமநாதனோட மோர்சாதத்துல சுண்ணாம்பு உதிரும். பொல பொல பொலன்னு. முதல்ல அவர் அண்ணாந்து பாத்தார். அப்புறம் குடைக்கம்பால கூரையில டக் டக்குன்னு தட்டினார். அப்புறம் தட்டையும் கையில எடுத்துக்கிட்டு மாடிப்படி ஏறி வந்துட்டார்.

"இன்னும் மூணு நாள்தான்மா. அதுக்குள்ள இந்தக் குதி நிக்கணும். இல்லேன்னா வேற வீடு பாத்துக்க."

வேற வீட்டுக்கு எங்க போறது? அந்த வாடகைக்கு அந்த ஊர்ல வேற வீடே இல்ல. வெளியூர் போனா வேணியோட பள்ளிக்கூடமும் போச்சு. அப்போ செல்லக்கனி என்ன பண்ணினா, தரையெல்லாம் மெத்தையை விரிச்சா. பொண்ணு கால்ல பழைய துணியைச் சுத்தினா. பூனை மாதிரி நடடி கண்ணுன்னு கெஞ்சினா. வேணியும் பாவம், அரை மணி நேரம் பூனையா இருந்தா. அப்புறம் மெத்தை மேலேயே தொம். அப்பத்தான் செல்லக்கனிக்குப் புரிஞ்சுது, இந்தக் குதி நிக்காது, குதிக்கத்தான் ஒரு இடம் வேணும்னு.

கேக்குறியா?

ம்.

முதல் நாள், மினி பஸ் ஏறி பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் ஒரு நகருக்குப் போனாங்க. அங்க அழகா ஒரு பார்க், அதுல தகரச் சறுக்குமரம். மத்தியான வெயில். செல்லக்கனி சும்மா விடுவாளா, முதல்ல தன் கையை வச்சுப் பாத்தா. சுர்ர்ர். உள்ளங்கை செவந்துபோச்சு. அப்போ முந்தானையைக் குழாய்ல நனைச்சு, சறுக்குமரத்தை மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒத்தி ஒத்திக் குளிர வச்சா. வேணி ஏணியில ஏறி உச்சியில உக்காந்துட்டா. அப்பப் பாத்து, பீப் பீப்புன்னு விசில். அந்த நகர் சங்கத்துக்காரர் வந்து நிக்கிறார். எந்தத் தெரு, எத்தனாம் நம்பர் வீடுன்னு கேட்டார். இங்க இல்லீங்கன்னா இவ. அப்ப இது உங்களுக்கு இல்லீங்கன்னார் அவர். ஏறின ஏணியிலேயே வேணி இறங்கி வந்தா.

ரெண்டாம் நாள், ஏரிக்கரை பார்க்குக்கு நடந்தே போனாங்க. அங்க விசில் ஊத ஆளே இல்ல. நல்ல நிழல், நல்ல காத்து. ஆனா ஊஞ்சல்ல உக்கார்ற பலகையைக் காணோம், சங்கிலி மட்டும் கிலுங் கிலுங்னு ஆடுது. முழங்கால் உசரத்துக்குப் புல்லு, உள்ள என்னமோ சரசரங்குது. செல்லக்கனி குனிஞ்சு புல்லை விலக்கினா, பூராவும் பாட்டில் சில்லு. பொறுக்க ஆரம்பிச்சா. ஒரு பை நிறையப் பொறுக்கிட்டா. ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்த ஒரு அம்மா வந்து பாத்துட்டு, நீ எத்தனை பொறுக்கினாலும் விடியறதுக்குள்ள மறுபடி போட்டுருவாங்க தாயின்னு சொன்னாங்க. பைபாஸ் ஓரமா புதுசா ஒண்ணு கட்டியிருக்காங்களே, அங்க போய்ப் பாரேன்னாங்க. செல்லக்கனி பொண்ணைத் தரையிலயே விடாம இடுப்புல தூக்கிக்கிட்டு வீடு வந்து சேந்தா.

மூணாம் நாள் காலைல, பைபாஸ் ஓரம். என்ன இருந்துச்சுன்னு நினைக்கிற?

"பேய் வீடா?"

பேயும் இல்ல, பிசாசும் இல்ல. மூணு ஊஞ்சல், ரெண்டு சறுக்குமரம், சுத்துற ராட்டினம், கீழ பூரா ஆத்து மணல். சறுக்குமரம் கூட தகரம் இல்ல, மஞ்சள் பிளாஸ்டிக், சுடாது. ஆனா எல்லாத்தையும் பாலிதீன் பேப்பர்ல சுத்திக் கட்டி வச்சிருந்தாங்க. வாசல் குறுக்கே ஒரு ரிப்பன். சிவப்பு ரிப்பன்தான், பத்து மாச வெயில்ல வெளுத்து ரோஸா ஆயிடுச்சு.

"யாரும் விளையாடலையா பெரியம்மா?"

ஒருத்தர் கூட விளையாடல. அங்க மாசிலாமணின்னு ஒரு வாட்ச்மேன். திறப்பு விழா ஆகலக்கா, யாரையும் விடக் கூடாதுன்னார். ஏன் ஆகலன்னா, ஒரு பெரிய மனுஷர் தேதி குடுக்கல, இன்னொருத்தர் அவர் வந்தா நான் வரமாட்டேங்கிறார். ஆபீஸ் ஜீப் வாரத்துக்கு ஒரு தடவை காலைல வரும், ரிப்பன் இருக்கான்னு ரோட்டுலேர்ந்தே பாத்துட்டுப் போயிடும். பாலிதீனைத் தினமும் துடைச்சுத் துடைச்சே தன் கை தேஞ்சுபோச்சுன்னார் மாசிலாமணி. யாராவது ஒரு பெரிய மனுஷன் வந்து திறந்துட்டா தேவலைன்னு பெருமூச்சு விட்டார்.

செல்லக்கனி வீட்டுக்குத் திரும்பி நடந்தா. நடக்க நடக்க ஒரு நினைப்பு. இந்தப் பரமநாதன் இருக்காரே, அவர் சர்வேயரா இருந்து ரிட்டயர் ஆனவர். ஊர்ல பாதிக் கட்டடத்துக்கு இடம் அளந்தது அவர்தான். ஆனா ஒரு திறப்பு விழாவுக்கும் அவரை யாரும் மேடைக்குக் கூப்பிட்டதில்ல. ஒவ்வொரு விழாவுக்கும் வேட்டியைத் தேய்ச்சு வச்சுக்கிட்டு வாசலையே பாத்துக்கிட்டிருப்பார், அப்புறம் மடிச்சு வச்சுடுவார்னு அவர் சம்சாரம் ஒருநாள் மாடிப்படியில நின்னு சொல்லியிருக்காங்க.

அப்போ செல்லக்கனி போய்க் கீழ் வீட்டுக் கதவைத் தட்டினா. இன்னும் நாலு நாள் தவணை கேக்க வந்திருக்கான்னு நினைச்சு அவர் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டார்.

"ஐயா, சாயங்காலம் நாலரைக்குக் குழந்தைங்க பார்க் திறப்பு விழா. நீங்கதான் வந்து திறந்து வைக்கணும்."

அவர் உள்ள பாத்து மெதுவா, அந்தப் பட்டு வேட்டி எங்கன்னு கேட்டார்.

தூங்கிட்டியா?

ம்ம்.

நாலரை மணி. பட்டு வேட்டியில, கக்கத்துல குடையோட பரமநாதன். தாம்பாளத்துல குங்குமம், கல்கண்டு, கத்தரிக்கோலோட அவர் சம்சாரம். பின்னாடியே தெருப்பிள்ளைங்க குடுகுடுன்னு ஓடி வருதுங்க. பாத்தார் மாசிலாமணி, அவருக்கு வேர்த்துப்போச்சு. செல்லக்கனியைத் தனியாக் கூப்பிட்டு, "ரிப்பனை வெட்டினா என் வேலை போயிடும்கா"ன்னார்.

இதை அவ யோசிக்கவே இல்ல. இப்ப விழா வேண்டாம்னு சொன்னா, இத்தனை பேர் முன்னாடி பரமநாதனுக்கு அவமானம், ராத்திரியே வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவார். வெட்ட விட்டுட்டா, இந்த வாட்ச்மேன் பொழப்பு போயிடும். இந்தப் பக்கம் பயம், அந்தப் பக்கம் பயம். பரமநாதன் கத்தரிக்கோலை எடுத்துட்டார். அதோட வாயைப் பிளந்து ரிப்பன்ல வச்சுட்டார். செல்லக்கனி ஓடிப்போய் அவர் கையைப் புடிச்சுட்டா.

"ஐயா, வெட்டாதீங்க. முடிச்சை அவிழ்த்துடுங்க."

ரிப்பன்னா வெட்டறதுதானேன்னு அவருக்குக் கோவம்.

"வெட்டினா இன்னிக்கு மட்டும்தான் திறப்பு விழா. அவிழ்த்தீங்கன்னா தினமும் நீங்கதான் வந்து திறக்கணும்."

பரமநாதன் அவளைப் பாத்தார், ரிப்பனைப் பாத்தார், மாசிலாமணியைப் பாத்தார். கத்தரிக்கோலைத் தட்டுல வச்சுட்டு முடிச்சை அவிழ்த்தார். சர்ர்ருன்னு பாலிதீன் பிரிஞ்சுது. புள்ளைங்க உள்ள பாஞ்சுதுங்க. ஊஞ்சல் கிரீச் கிரீச், ராட்டினம் விர்ர்ர். வேணி சறுக்குமரத்து உச்சிக்கு ஏறினா. செல்லக்கனி கண்ணை மூடிக்கிட்டா.

சர்ர்ர்ர்... தொம்.

எல்லாரும் பரமநாதனைத் திரும்பிப் பாத்தாங்க. அவர் போய், வேணி விழுந்த இடத்துல குடைக்கம்பை ஊனி ஆழம் பாத்தார். "இங்க இன்னும் மூணு அங்குலம் மணல் போடணும்"னார். அவ்ளோதான். வீடு காலி பண்ற பேச்சை அப்புறம் அவர் எடுக்கவே இல்ல. மறுநாள் நாலு மணிக்கெல்லாம் வேட்டி கட்டிக்கிட்டு, மாடிப்படி கீழ நின்னு, வேணி கிளம்பிட்டாளான்னு குரல் குடுத்தார்.

ம்...

செல்லக்கனிக்குப் பயம் போச்சாங்கிறியா? பயம் எங்க போகும், அந்த ஜீப் வருமே. அதனால அவ ஒண்ணு பண்ணினா. தினமும் ஆறரை மணிக்குப் புள்ளைங்களை எண்ணி வெளிய அனுப்பிட்டு, சறுக்குமரத்துக்குப் பாலிதீனைப் போத்தி விடுவா. மணல்ல இருக்கிற காலடியை எல்லாம் விளக்கமாத்தால கூட்டி அழிப்பா. அப்புறம் வாசலுக்கு வந்து, அந்த ரிப்பனைப் பழையபடி இழுத்து, நடுவுல பூ மாதிரி ஒரு முடிச்சுப் போடுவா. இழுத்தா அவிழ்ற முடிச்சு. ரெண்டு தடவை இழுத்துப் பாத்துட்டுத்தான் வீட்டுக்குப் போவா. அந்தப் பார்க்குக்கு இன்னிக்கு வரைக்கும் திறப்பு விழா ஆகல.

கதை கதவைச் சாத்திடுச்சு. நீயும் கண்ணைச் சாத்து.