லூப் லைனைப் பிடுங்கியவர்

"தப்பு யார் மேலன்னு நீ சொல்லும்மா. அதுக்காகத்தான் பஸ் ஏறி வந்திருக்கேன்."

மருதங்குளம் ரோடு ஸ்டேஷனில், மாஸ்டர் அறையின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பரஞ்சோதி சார் கேட்டார். தோளில் ஒரு மஞ்சள் பை.

உள்ளே சகாயராணி பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

இந்தக் கதையில் சீடர் அவர். வயது அறுபத்து நான்கு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். குரு இவள். வயது முப்பத்தேழு, ஸ்டேஷன் மாஸ்டர். பத்தாம் வகுப்பில் இவளுக்குக் கணக்கு எடுத்தவரே அவர்தான். என்ன செய்ய, ஞானம் சீனியாரிட்டி பார்த்து வருவதில்லை.

"உள்ள வரலாமா?"

"டியூட்டி நேரத்துல வெளியாள் வரக் கூடாது சார். அங்கேயே நில்லுங்க."

அவருக்குச் சுருக்கென்றது.

"நான் வெளியாளா?"

"உங்க கிளாஸ் வாசல்ல நான் லேட்டா வந்து எத்தனை நாள் நின்னிருக்கேன். பாசஞ்சர் கிராசிங்ல மாட்டிக்கிச்சு சார்ம்பேன். கதை விடாதேம்பீங்க."

அவள் பேனாவை மூடினாள்.

"இப்ப சொல்லுங்க சார். முழுசா."

சொன்னார். சொன்னார் என்று எழுதுவது மரியாதைக்கு. கத்தினார்.

அவரும் நண்பர் தனுஷ்கோடியும் பதினைந்து வயதில் இதே பிளாட்பார முனையில் உட்கார்ந்து ரயில் பார்த்தவர்கள். கரி எஞ்சின் காலம். ஓடுகிற எஞ்சினின் நம்பரை ஒருவன் உரக்கப் படிப்பான், மற்றவன் எழுதுவான். இருவருக்கும் ஒரே நோட்டு.

ஓய்வு பெற்ற பிறகு, அந்த ஸ்டேஷனையே சார் வீட்டு மாடி அறையில் ஒரு பிளைவுட் பலகை மேல் கட்டினார்கள். இரண்டு வருட வேலை. தீக்குச்சியில் வேலி. பால் பவுடர் டப்பாத் தகரத்தில் ஆளுக்கொரு எஞ்சின், ஆளுக்கொரு ரிமோட். இருந்தது ஒற்றைப் பாதை. எதிரெதிரே வரும் வண்டிகளில் ஒன்று ஒதுங்கி நிற்க, ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு லூப் லைன்.

"அங்கதாம்மா வந்தது வினை. யார் வண்டி லூப்ல நிக்கிறது?"

"யார் வண்டி நின்னுச்சு?"

"யாரும் நிக்கல. என் வண்டி மெயில். அது எப்படி நிக்கும்? அவன் தன்னோடதும் எக்ஸ்பிரஸ்ங்கிறான். நாலு நாள் சண்டை. தான் பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு நிக்கிறான். அஞ்சாம் நாள் எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம். கட்டிங் பிளேயரை எடுத்தேன். லூப் லைனையே பிடுங்கிப் போட்டுட்டேன்."

சகாயராணி முதல்முறையாக நிமிர்ந்தாள்.

"பிடுங்கிட்டீங்களா?"

"ஆமா. எவன் வண்டியும் நிக்க வேண்டாம். நிக்கிற இடம் இருந்தாத்தானே சண்டை?"

முப்பது வருடம் பிரேயரில் ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சொல்லிக்கொடுத்த மனிதர் இவர்.

"அப்புறம்?"

"மோதிருச்சு."

"ரிமோட் ரெண்டு பேர் கையிலும்தானே இருந்துச்சு?"

"அவன் நிறுத்துவான்னு நான் பார்த்தேன். நான் நிறுத்துவேன்னு அவன் பார்த்திருக்கான், ராஸ்கல்."

இனி என் வாசல்படி மிதிக்காதே என்று சொல்லிவிட்டார். தனுஷ்கோடி தன் எஞ்சினையும் எடுக்காமல், செருப்பும் போடாமல் இறங்கிப் போனார். நாற்பத்தொரு நாள் ஆயிற்று. செருப்பு இன்னும் மாடிப்படியில் கிடக்கிறது. அவர் நம்பரை இவர் போனிலிருந்து அழித்தும் விட்டார்.

"ஞாயித்துக்கிழமை மகள் வீட்டோட கோயம்புத்தூர் போறானாம். மொத்தமா. ஊரே சொல்லுது. அவன் சொல்லல. ஐம்பது வருஷப் பழக்கம்! ஒரு வார்த்தை சொல்லல!"

"போகட்டுமே சார்."

"போகட்டும்! யாரு வேண்டாம்னா? தப்பு தன்னோடதுன்னு ஒத்துக்கிட்டுப் போகட்டும். அதைத்தான் கேக்க வந்தேன். நீ ரயிலை ஓட்டுறவ. சட்டம் தெரிஞ்சவ. சொல்லு. தப்பு யார் மேல?"

போன் மணி அடித்தது. சகாயராணி எடுத்தாள். பேசினாள். ஒரு எண்ணை எழுதிக்கொண்டாள். வைத்தாள்.

"கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க சார். கிராசிங் இருக்கு, ரெண்டு வண்டி மாறணும்."

பரஞ்சோதி சார் ஒதுங்கவில்லை. ஜன்னலிலேயே நின்றார்.

பாசஞ்சர் வந்தது. மெயின் லைனில் வராமல் அந்தப் பக்கம் வளைந்து லூப்பில் போய் நின்றது. ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து ஆயிற்று. ஜன்னலோர ஆட்கள் வெயிலைத் திட்டினார்கள், ரயில்வேயைத் திட்டினார்கள். ஒரு அம்மாள் யாரையென்று தெரியாமல் பொதுவாகத் திட்டினாள்.

"இது முதல்ல வந்த வண்டி. இதை எதுக்கு நிக்க வச்சே?" என்றார் சார்.

"எதுத்தாப்புல எக்ஸ்பிரஸ் வருது."

"எக்ஸ்பிரஸ்னா என்ன பெரிய கொம்பா?"

அவள் பச்சைக் கொடியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். சாருக்குப் பாசஞ்சருக்காகவே கோபம் வந்தது. தண்டவாளத்தின் விளிம்பு வரை போய், எதிர்ப் பக்கம் நின்ற எஞ்சினைப் பார்த்துக் கத்தினார். டிரைவர் ஜன்னலில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா! முதல்ல வந்தது நீ. உன்னை ஓரங்கட்டிட்டாங்களே, உனக்குக் கோபம் வரல?"

டிரைவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"நிக்காமப் போயிருந்தா, இந்நேரம் எங்க ரெண்டு பேர் போட்டோவும் பேப்பர்ல வந்திருக்கும் சார். கொஞ்சம் பின்னால தள்ளி நில்லுங்க."

சார் பின்னால் தள்ளி நின்றார். எக்ஸ்பிரஸ் தடதடவென்று கடந்தது. நிற்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. புழுதி முழுவதும் சாரின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது.

அவர் சட்டையைத் தட்டிக்கொண்டே ஜன்னலுக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது.

"சரி. புரியுது. லூப்பைப் பிடுங்கினது என் புத்திகெட்ட வேலை. திரும்பப் போட்டுடுறேன். என் மெயில் வண்டியே நிக்கட்டும். போதுமா?"

சகாயராணி பதிவேட்டில் நேரத்தைக் குறித்தாள்.

"ஆனா அவன்தான் முதல்ல கூப்பிடணும். நான் கூப்பிட மாட்டேன். செத்தாலும் மாட்டேன்."

அவள் உள்ளங்கையைக் காட்டினாள். பேசாதீர்கள் என்று அர்த்தம். தலைமையாசிரியரிடம் அப்படிக் கை காட்டியவர் அதுவரை யாரும் இல்லை. அவர் வாய் மூடிக்கொண்டது.

அவள் போனை எடுத்தாள்.

"மருதங்குளம் ரோடு பேசுறேன். பாசஞ்சர் ரெடியா நிக்குது. லைன் கிளியர் கொடுங்க."

காத்திருந்தாள். அந்தப் பக்கம் அனுமதிக்கு அடையாளமாக ஒரு எண் சொன்னார்கள். எழுதினாள். வெளியே போய்க் கொடி காட்டினாள். லூப்பில் நின்ற பாசஞ்சர் முனகிக்கொண்டே கிளம்பியது. திட்டிய அம்மாள் இப்போது கொய்யாப்பழம் தின்றுகொண்டு போனாள்.

"இப்ப யார்கிட்ட கேட்டே?"

"அடுத்த ஸ்டேஷன்ல சார். அவங்க சரின்னு சொல்லாம இங்கிருந்து வண்டி நகராது."

"அது எப்படி? நேத்தும் இதே பாசஞ்சரை அனுப்பினியே. நேத்துக் கொடுத்த சரி போதாதா?"

"நேத்துக் கேட்டது நேத்து வண்டிக்கு."

"அப்ப அவன் கூப்பிட்டு, அனுப்புங்கம்மான்னு சொல்லக் கூடாதா? தினமும் நீதான் போய்க் கேக்கணுமா? அவ்வளவு ராங்கியா அவனுக்கு?"

"வண்டி எந்தப் பக்கம் நிக்குதோ, அந்தப் பக்கம்தான் கேக்கணும் சார்."

"எப்பவுமா?"

"எப்பவும்."

அவள் சுருட்டிய கொடியால் மஞ்சள் பையைத் தொட்டுக் காட்டினாள்.

"அதுல என்ன சார்?"

பரஞ்சோதி சார் பைக்குள் கைவிட்டார். எடுத்தார். தகர எஞ்சின். மூக்கு நசுங்கியிருந்தது. பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்டில் நம்பர், தனுஷ்கோடியின் சாய்ந்த கையெழுத்தில். தப்பு யாருடையது என்பதற்குச் சாட்சியாகக் கொண்டு வந்திருந்தார்.

"அவன் வண்டி," என்றார், கோபமாகத்தான்.

சொன்ன பிறகு அப்படியே நின்றார்.

குரு ஜன்னல் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சார் வெகுநேரம் சாத்திய ஜன்னலையே முறைத்தார். பிறகு போனை எடுத்தார். நம்பரை அழித்தது போனிலிருந்து மட்டும்தான். பார்த்த நம்பரை மறக்கத் தெரியாத ஆள் அவர். பத்து எண்களையும் தட்டினார்.

நான்கு முறை மணி அடித்தது.

"யாரு?"

அவனும் அழித்திருக்கிறான்! சாருக்கு மறுபடி ஆத்திரம் உச்சந்தலைக்கு ஏறியது. வைத்துவிடலாம் என்று கட்டை விரல் போனது. எஞ்சின் இன்னொரு கையில் கனத்தது.

"மருதங்குளம் ரோடு பேசுறேன்," என்றார். "லைன் கிளியர் வேணும்."



"எந்த வண்டிக்கு?"

"உன் வண்டிக்குத்தான்டா."