நீலக்கதவு வாசல் வழக்கு

செருப்புகளுக்கென்று தனியே ஒரு நீதிமன்றம் இருந்த ஊரில், ஒரே தெருவில் பல வழிபாட்டு இல்லங்கள் இருந்தன. அவற்றுள் பெரியதற்குப் பெரியவாசல் என்று பெயர். மிகச் சிறியது தெருக்கோடியில் இருந்த நீலக்கதவு. வழிபாடுகள் வேறுவேறு, வழக்கம் மட்டும் ஒன்று. பாதங்கள் உள்ளே போகும். செருப்புகள் வெளியே காத்திருக்கும்.

நீலக்கதவுக்கு வரும் செருப்புகளில் மூத்தவள் ஒரு ரப்பர்ச் செருப்பு. அவளுடைய வார் அறுந்துபோய், ஓர் ஊக்கால் கோக்கப்பட்டிருந்தது. கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறதென்று அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. வெயிலோ மழையோ, சுவரோரம் ஒதுங்கி, தன் பாதங்கள் திரும்பும்வரை இருப்பாள்.

தெருவின் அதிகாரம் பூட்ஸிடம் இருந்தது. நீலக்கதவு அவர் கண்ணை நெடுநாளாக உறுத்தியது. அதை மூடச் சொன்னால் பழி வரும் என்று உணரும் அளவுக்கு அவருக்கு அறிவு இருந்தது. அந்த அளவோடு அது நின்றும் போயிற்று. ஆகவே நுட்பமான ஓர் ஆணை பிறந்தது. தெருவின் தூய்மையையும் பெரியவாசலின் மாண்பையும் கருதி, நீலக்கதவின் முன் இனி எவரும் செருப்பு விடக் கூடாது.

செருப்போடு உள்ளே போக நீலக்கதவு இடங்கொடாது. செருப்பை வெளியே விட ஆணை இடங்கொடாது. முறையிடப் போனவர்களைப் பார்த்துப் பூட்ஸ் மிகவும் வியந்துபோனார். வழிபடக் கூடாது என்று ஆணையில் ஒரு சொல்லாவது உண்டா என்று கேட்டார். தாராளமாக வழிபடட்டும், வீட்டிலிருந்தே வெறுங்காலோடு வரட்டும் என்று யோசனையும் சொன்னார். தெரு முழுவதும் கருங்கல் சல்லி கொட்டச் சொன்னவரும் அவர்தான்.

அடுத்த வழிபாட்டு நாளில் ரப்பர்ச் செருப்பு வழக்கம்போல் வந்து, வழக்கமான இடத்தில் அமர்ந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் அமர்ந்தார்கள். பக்கத்து இல்லங்களின் செருப்புகளும், பெரியவாசலின் தோல் செருப்புகளுமே எழுந்து வந்து வரிசையில் சேர்ந்துகொண்டன. யாரும் குரல் எழுப்பவில்லை. யாரும் வழியை மறிக்கவில்லை. எல்லார் முகமும் சுவரைப் பார்த்திருந்தது.

பூட்ஸ் வந்தார். வரிசையின் ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்கினார். பிறகு, தம்மைத் தாக்கிவிட்டார்கள் என்று வழக்குத் தொடுத்தார்.

குற்றம் உறுதியானால் ரப்பர்ச் செருப்பைக் குப்பைமேட்டில் போட்டு எரிப்பார்கள். அதற்குப் பிறகு அந்தச் சுவரோரம் அமர எந்தச் செருப்பு துணியும்? ஆணையின்றியே நீலக்கதவு மூடிக்கொள்ளும். அவளுக்கு இரண்டும் தெரிந்திருந்தன. இரண்டாவதற்குத்தான் அவள் அஞ்சினாள்.

நீதிபதி ஒரு கால்மிதி. அவர்மேல் ஒரு காலத்தில் ‘நல்வரவு’ என்று நெய்திருந்தார்களாம். பூட்ஸ் அன்றாடம் ஏறித் துடைத்ததில் எழுத்துகள் போய்விட்டன. வழக்கை நடத்தியவர், பூட்ஸுக்கு மெருகேற்றுவதையே பிழைப்பாகக் கொண்ட பாலிஷ் பிரஷ். ரப்பர்ச் செருப்புக்காக வாதாட வந்தவள் ஒரு குதிகால் செருப்பு. சொல்லையும் அடியையும் அளந்து வைப்பவள்.

பிரஷ் குற்றப்பத்திரிகையை நெடுநேரம் வாசித்தார். இடதையும் வலதையும் தனித்தனியே எண்ணிக் கூட்டத்தை இரட்டிப்பாக்கியிருந்தார்கள். யாரும் முழங்கவில்லை என்பதை மறைக்க முடியாததால், அதற்கு ‘ஓசையற்ற முழக்கம்’ என்று பெயர் சூட்டியிருந்தார்கள். இறுதியாகப் பிரஷ், ரப்பர்ச் செருப்பின் ஊக்கைச் சுட்டிக்காட்டி, இவள் கூரிய ஆயுதத்தோடு வந்தவள் என்றார்.

குதிகால் செருப்பு எழுந்தாள்.

“கனம் நீதிபதி அவர்களே, ஆயுதத்தை இப்போதே பறிமுதல் செய்ய உத்தரவிடுங்கள். அதன்பின் என் கட்சிக்காரரை ஓரடி எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.”

ஊக்கை உருவினார்கள். வார் கழன்று விழுந்தது. ரப்பர்ச் செருப்பு தரையில் பலகைபோல் கிடந்தாள்.

“பூட்ஸ் ஐயா, பார்த்துங்க, எந்திரிச்சு வந்துறப் போவுது,” என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. சிரிப்பை அடக்கச் சொல்லி அதட்டிவிட்டு, ஊக்கைத் திருப்பிக் கொடுக்கும்படி கால்மிதி கைகாட்டினார்.

“அது இதுவரைக்கும் குத்துனது என்னை மட்டுந்தானுங்க,” என்றாள் ரப்பர்ச் செருப்பு.

பிரஷ் விடுவதாக இல்லை. நீலக்கதவுக்குள் என்ன சதி நடக்கிறது என்று அவளைக் கேட்டார்.

“உள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க. போறப்ப இருக்கிற கனம், திரும்பி வர்றப்ப அந்தப் பாதத்துல இருக்காது. நான் கண்டது அவ்வளவுதான்.”

பிரஷ் உடனே எழுந்து, உள்ளே ஏதோ களவு போகிறது என்பதைக் குற்றவாளியே ஒப்புக்கொண்டதாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றார்.

அடுத்துப் பூட்ஸ் கூண்டில் ஏறினார். தாக்குண்ட காயத்தைக் காட்டும்படி குதிகால் செருப்பு கேட்டாள். அவருடைய தோல் கண்ணாடிபோல் மின்னியது. காயம் இருந்தது உண்மைதான், தாம் மெருகேற்றியதில் மறைந்துவிட்டது என்று பிரஷ் விளக்கினார். அவள் மறுக்கவில்லை. வழக்கில் சிக்கிய செருப்புகளை மட்டும் முதுகைக் காட்டச் சொன்னாள். அத்தனை முதுகிலும் ஒரே அச்சு பதிந்திருந்தது. அந்த அச்சு யாருடைய அடிப்பாகத்தைச் சேர்ந்தது என்பதைக் கால்மிதிக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு அவள் பூட்ஸை நெருங்கினாள்.

“பெரியவாசலின் மாண்பைக் காக்கவே இந்த ஆணை என்கிறீர்கள். அந்த வாசலில் நீங்கள் கழற்றிவைக்கப்பட்டது எப்போது?”

“நான் கழற்றப்படுவதில்லை. காவல் பணி.”

“ஒருநாளும் இல்லையா?”

“ஒருநாளும் இல்லை.” பூட்ஸ் அதைப் பெருமையாகவே சொன்னார்.

“அப்படியானால் நீங்கள் சுமக்கும் பாதங்கள் பெரியவாசலுக்குள்ளும் போனதில்லை.”

பெரியவாசலின் தோல் செருப்புகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிரஷ் அவசரமாக ஓடிவந்து பூட்ஸை இரண்டு இழுப்பு தேய்த்தார். மெருகு வந்தது, பதில் வரவில்லை.

“வாசல்ல வேலைவெட்டி இல்லாம வரிசையா உட்கார்ந்திருந்தா என்னன்னு நினைக்கிறது?” என்று பூட்ஸ் கடைசியில் வெடித்தார். “அங்க அதுங்களுக்கு என்ன வேலை?”

“காத்திருப்பது,” என்றாள் குதிகால் செருப்பு. வேறு கேள்வி இல்லை என்று அமர்ந்துகொண்டாள்.

கால்மிதி வீரம் எதையும் காட்டிவிடவில்லை. வேறுவிதமாகத் தீர்ப்பெழுத வழியுண்டா என்று மாலைவரை தேடினார். கிடைக்காததால் நேர்மையாக எழுதினார். செருப்பு விடும் இடத்தைப் பறிப்பது வழிபாட்டைப் பறிப்பதே, அமைதியாக அமர்ந்திருப்பது எவரையும் தாக்குவதாகாது, ஆணை செல்லாது, அனைவரும் விடுதலை. பூட்ஸின் மனம் நோகக் கூடாதென்று, அவருடைய கடமையுணர்வை இடையிடையே பாராட்டியும் வைத்தார். வாசித்து முடித்ததும், பூட்ஸ் தம்மேல் ஏறித்தான் வெளியே போக வேண்டும் என்பது நினைவுக்கு வந்து, கண்களை மூடிக்கொண்டார்.

அடுத்த வழிபாட்டு நாளில் ரப்பர்ச் செருப்பு தன் இடத்தில் அமர்ந்திருந்தாள். பக்கத்தில் நிறையப் பேர். பூட்ஸும் வந்தார், அமைதி குலையாமல் பார்த்துக்கொள்ளவாம். நீலக்கதவுக்கு நேரெதிரே, கொதிக்கும் சல்லியின்மேல் நின்றார்.

உள்ளிருந்து மெல்லிய பாட்டு கேட்டது. ரப்பர்ச் செருப்பு அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சற்று நகர்ந்து, சுவரோரம் நிழலில் ஒரு சோடிக்கு இடம் விட்டாள்.

“இங்க இடம் இருக்குங்க ஐயா.”

பூட்ஸுக்குள் இருந்த பாதங்கள் மெல்ல அசைந்தன. அவர் தம் நாடாவை இன்னும் ஒரு சுற்று இறுக்கிக்கொண்டார்.