பதினோராவது தட்டு

கப்பல்கள் ஒரு காற்றில் வந்து மறுகாற்றில் திரும்பிய காலத்தில், ஆறு கடலில் சேரும் ஒரு பட்டினத்தில், கயிறு வியாபாரி காடன் வீட்டில் ஒரு கல்யாணம் நிச்சயமாயிற்று.

பெண் காடனின் மகள் நங்கை. மாப்பிள்ளை வென், சீனக் கப்பலில் பாய்க்கயிறுகளைப் பார்த்துக்கொள்பவன். கயிறு வாங்க வந்தவன், வாங்கி முடித்த பிறகும் வந்துகொண்டிருந்தான். அது எதற்கென்று காடனுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது.

பெரிய சங்கதிகளெல்லாம் சுலபமாக முடிந்தன. வென் இந்த ஊரிலேயே தங்குவான். நங்கையின் குலதெய்வத்தை அவன் கும்பிடுவான். அவனுடைய முன்னோரை அவள் கும்பிடுவாள். தெய்வத்தையும் முன்னோரையும் யாரும் கேட்கவில்லை. அவர்களும் மறுத்துச் சொல்லவில்லை. கல்யாணப் புடவை சிவப்பு என்று இவர்கள் சொன்னார்கள். சிவப்பு என்று அவர்களும் சொன்னார்கள். இவ்வளவு சீக்கிரம் ஒத்துப்போனதில் இரண்டு பக்கத்துக்கும் சந்தேகம் வந்தது.

சந்தேகம் வீண்போகவில்லை. கல்யாணத்தன்று காலையில் தகராறு சீர்த்தட்டில் வந்து நின்றது.

மாப்பிள்ளை வீட்டார் சீர்ப் பொருள்களைத் தட்டுகளில் ஏந்தி, பெண் வீட்டுக்கு வரிசையாக வர வேண்டும். எத்தனை தட்டு?

"பத்து" என்றார் கப்பல் தலைவர் ஹோ. அவர் வென்னின் பெரியப்பா. பல வருஷம் இந்தக் கரைக்கு வந்து போனதில், சண்டை போடும் அளவுக்குத் தமிழ் பேசுவார். "நல்லது எப்பவும் ஜோடியாத்தான் வரும். ஒத்தையா வைக்கிறது சாவு வீட்டுக்கு."

"பதினொண்ணு" என்றான் கூத்தன். அவன் நங்கையின் தாய்மாமன். "ஒத்தைப்படையைச் சரிபாதியாப் பிரிக்க முடியாது. கல்யாணத்துக்குப் பிரியாததைத்தான் வைக்கணும். உங்க பத்தை எடுத்து வெட்டினா அஞ்சும் அஞ்சுமா ஆளுக்கொரு பக்கம் போயிடும்."

"உங்க பதினொண்ணுல பத்தும் ஜோடி சேர்ந்துடும். மிச்சம் ஒண்ணு நிக்குமே, கூத்தரே, அது யாரைப் பார்த்துப் பேசும்?"

"தட்டு எதுக்கய்யா பேசணும்?"

காடன் நடுவில் புகுந்து, பன்னிரண்டு வைத்தால் என்ன என்று கேட்டான். தான் எந்தப் பக்கம் என்று தெரியாமல் பேசக் கூடாது என்று கூத்தன் அவனை உட்காரவைத்தான்.

கச்சான் எழுந்துவிட்டிருந்தது. சீனத்துக்குத் திரும்பும் கப்பலுக்கு அந்த மேல்காற்றுதான் வேண்டும். ஹோ கடலைப் பார்த்தார்.

"உச்சிவேளைக்குள்ள ஜோடிக் கணக்கில் சீர் போகணும். இல்லேன்னா என் தம்பி மகன் என்னோட கப்பல் ஏறுவான்."

"ஏறட்டும். தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காம இந்த ஊர்ல ஒரு கல்யாணமும் நடந்ததில்லை. ஒத்தைப்படை இல்லேன்னா நான் மாலையைத் தொட மாட்டேன்."

இதையெல்லாம் பக்கத்துக் கயிற்றுக் கிடங்கில் தட்டுகள் கேட்டுக்கொண்டிருந்தன. பித்தளைத் தாம்பாளங்கள் பக்கத்து வீடுகளில் இரவல் வாங்கியவை. பீங்கான் தட்டுகள் கப்பலிலிருந்து இறங்கியவை. பட்டு, தேயிலை, தேங்காய், மஞ்சள், பூ என்று தட்டுக்கு ஒரு பொருளாகப் பத்துத் தட்டுகளில் வைத்தாகிவிட்டது.

பதினோராவது தட்டு மட்டும் காலியாக இருந்தது. வெளிறிய பச்சை நிறப் பீங்கான். உட்புறத்தில் செதுக்கிய இரண்டு மீன்கள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருந்தன. காலையிலிருந்து அதைக் கூத்தன் வரிசையில் வைப்பதும், ஹோ எடுத்து ஓரத்தில் வைப்பதுமாக இருந்தார்கள். அதில் என்ன வைப்பது என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

"உனக்குத் தலை சுத்தலையா?" என்று கேட்டது ஒரு பித்தளைத் தாம்பாளம். அது வயதானது, ஊரில் எல்லாக் கல்யாணத்துக்கும் போயிருக்கிறது.

"கப்பலில் இதைவிட அதிகம் சுற்றியது" என்றது பீங்கான். அது தமிழை ஒழுங்காகக் கற்றிருந்தது.

"ஆமா, நீ கீழே விழுந்தா என்ன ஆவே?"

"பலவாக ஆவேன். தாங்கள்?"

"நான் விழுந்தா சத்தம் வரும். ஊரே வந்து பார்க்கும்."

"யாரும் விழாமலே ஊர் வந்து பார்த்துக்கொண்டுதானே இருக்கிறது."

தாம்பாளத்துக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

"கல்யாணம் நின்னா உன்னை என்ன பண்ணுவாங்க?"

"வைக்கோலில் சுற்றி, கப்பலின் அடியில் போடுவார்கள். மறுபடி எந்தக் கரையில் வெளிச்சம் பார்ப்பேன் என்று தெரியாது. அது போகட்டும். அந்தப் பையன் பயணம் முழுக்க என்னில்தான் சாப்பிட்டான். இந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லிப் பழகியதும் என்னிடம்தான். திரும்பும் வழியெல்லாம் நான் அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டு போக வேண்டும்."

தாம்பாளம் வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தது.

"எத்தனை கல்யாணம் பார்த்திருக்கேன்! இங்கே ஒண்ணு குறையுது. வெத்திலை பாக்கு எங்கே?"

"இங்கே" என்று மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. ஈரத்துணிக்குள் வெற்றிலை இருந்தது. பக்கத்தில் ஒரு சிறிய ஓலைப்பெட்டியில் பாக்கு.

"அங்கே என்ன பண்றீங்க?"

"கூப்பிடுவாங்கன்னு உட்கார்ந்திருக்கோம்" என்றது வெற்றிலை. "பெண் வீட்டுக்காரங்க வாங்கி வச்சாங்க. தட்டுல எடுத்து வைக்க வேண்டியது மாப்பிள்ளை வீட்டுக்காரங்கன்னு விட்டுட்டாங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க, வாங்கினவங்களே வைப்பாங்கன்னு தொடலை."

"தாம்பூலமே இல்லாமலா இவ்வளவு சண்டை போட்டாங்க?"

"சண்டையில வாய் வேலையா இருந்துச்சு. மெல்லணும்னு யாருக்கும் தோணலை" என்றது பாக்கு.

அப்போது கதவு திறந்தது. கையில் வைக்கோலோடு வென் உள்ளே வந்தான். பின்னால் சிவப்புப் புடவையில் நங்கை. அவள் வரக்கூடாத நேரம் அது. வந்திருந்தாள்.

"இதைக் கட்டச் சொல்லிட்டார் பெரியப்பா" என்றான் வென். பச்சைத் தட்டைக் கையில் எடுத்தான். கட்டவில்லை.

"உன் பெரியப்பாவுக்குத் தட்டு மேல அப்படி என்ன கோபம்?"

"தட்டு மேல இல்லை. அவர் தட்டை எண்ணவே மாட்டார். கப்பல்ல ஜாடியை எண்ணினா பிழைக்க முடியுமா? உள்ளே இருக்கிற சரக்கைத்தான் எண்ணுவார். தட்டுக்கு ஒரு சரக்கு, பத்துத் தட்டுக்குப் பத்துச் சரக்கு. அவ்வளவுதான்."

"எங்க மாமா சரக்கைப் பார்க்கவே மாட்டார். தட்டைத்தான் எண்ணுவார். பாதி இரவல் தட்டு. திருப்பிக் கொடுக்கணுமே!"

சொல்லிவிட்டு நங்கை அப்படியே நின்றாள். அவள் கண் மூலைக்குப் போயிற்று.

"ஐயோ, வெத்திலையே வைக்கலையா?"

ஈரத்துணியைப் பிரித்தாள். நல்ல வெற்றிலைகளாகப் பார்த்து எடுத்து, காம்பெல்லாம் ஒரே பக்கம் இருக்கும்படி பச்சைத் தட்டில் அடுக்கினாள். அதன் மேல் பாக்கை வைத்தாள். பிறகு தட்டை வென்னிடம் நீட்டினாள்.

"இது எத்தனை சரக்கு?"

"இலை ஒண்ணு. கொட்டை ஒண்ணு. ரெண்டு."

"எங்க ஊர்ல இது ஒண்ணு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வென் வைக்கோலை மெதுவாகக் கீழே போட்டான்.

"கேட்டியா?" என்றது தாம்பாளம்.

"பேசாதீர்கள்" என்றது பீங்கான். "வாழ்க்கையில் முதல் முறையாக வரிசையில் நிற்கப் போகிறேன்."

உச்சிவேளைக்குக் கொஞ்சம் முன்னால் சீர் புறப்பட்டது. சங்கு முழங்கியது. கப்பல்காரர்கள் தங்கள் பங்குக்கு ஒரு பெரிய தாளத்தைத் தட்டினார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று வழிவிடவில்லை.

கூத்தன் வாசலில் நின்று தட்டுகளை எண்ணினான். பதினொன்று. மறுபடி எண்ணினான். பதினொன்றுதான். 'கப்பக்காரர் படிஞ்சுட்டார்' என்று நினைத்தான்.

ஹோ வரிசையின் கடைசியில் வந்தார். விரலை மடக்கிச் சரக்குகளை எண்ணினார். பன்னிரண்டு. ஆறு ஜோடி, கேட்டதற்கு மேலேயே ஒரு ஜோடி. 'கூத்தர் இறங்கி வந்துட்டார்' என்று நினைத்தார்.

ஜெயித்தவன் தோற்றவனிடம் அதைச் சொல்லிக்காட்டுவது அழகல்ல என்பது இரண்டு ஊரிலும் உள்ள வழக்கம். ஆகையால் இருவரும் வாய் திறக்கவில்லை. கூத்தன் மாலையை எடுத்துக் கொடுத்தான். ஹோ தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து, பாக்கை வைத்து மடித்து, கூத்தனிடம் நீட்டினார்.

"எங்க சீனத் தென்கரையிலயும் பொண்ணு கேட்கப் போனா பாக்கு கொண்டு போவோம்."

"அப்படியா? முதல்லயே சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேட்கலையே."

அன்று மாலை கப்பல் போயிற்று. வென் கரையில் நின்றான். பச்சைத் தட்டு காடன் வீட்டு மாடத்தில், தாம்பாளத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அந்தத் தாம்பாளமும் இரவல்தான். யாரும் திருப்பிக் கேட்காததால் தங்கிவிட்டது.

காற்று சில முறை மாறிய பிறகு ஹோவின் கப்பல் மறுபடி வந்தது. அதற்குள் நங்கைக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, நடக்கவும் தொடங்கியிருந்தது.

ஹோ குழந்தையைத் தூக்கி முகத்தைப் பார்த்தார். "கண்ணு எங்க வீடு" என்றார்.

"குரல் எங்க வீடு" என்றான் கூத்தன். குழந்தை அதை உடனே மெய்ப்பித்தது.

"எங்க குடும்பத்துல இப்ப ஒண்ணு கூடியிருக்கு. ஊருக்குப் போனதும் முன்னோருக்கு விளக்கேத்திச் சொல்லணும்."

"நான் அப்பவே குலதெய்வத்துக்குச் சொல்லிட்டேன், எங்க குடும்பத்துல ஒண்ணு கூடியாச்சுன்னு."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைத்தார்கள். குழந்தை ஹோவின் கையிலிருந்து நழுவி இறங்கி, மாடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. பச்சைத் தட்டின் விளிம்பில் விரலை வைத்து, மீன்களைத் தொட்டுப் பார்த்தது.

தாம்பாளம் தாழ்ந்த குரலில் கேட்டது.

"ஏய், எனக்கு ஒண்ணு புரியலை. பிறந்தது ஒரு குழந்தை. இந்த வீட்டுலயும் ஒண்ணு கூடிடுச்சுங்கறாங்க, அந்த வீட்டுலயும் ஒண்ணு கூடிடுச்சுங்கறாங்க. இது தப்புக் கணக்கு இல்லையா?"

"தப்புக் கணக்குதான்" என்றது பீங்கான். "திருத்த வேண்டுமானால், எந்த வீட்டில் ஒன்றைக் குறைப்பது என்று சொல்லுங்கள்."