முதலாளி இடுப்புச் சாவி

மலேசியாவின் கிள்ளான் நகரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த சிங்காரவேலு, தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த பதினோரு பேருடைய பாஸ்போர்ட்டையும் "பத்திரமா இருக்கட்டும்" என்று வாங்கி இரும்புப் பெட்டியில் பூட்டிவிட்டார். சட்டப்படி அது குற்றம். சோதனைக்குத் தொழிலாளர் துறைப் பெண் அதிகாரி ஒருவர் வாசலில் வந்து இறங்கியதும், சிங்காரவேலு அந்தப் பதினோரு பேரில் ஒருவனான சமையல்காரன் உடையப்பனை மிரட்டினார்: "'பாஸ்போர்ட் எங்ககிட்டதான் இருக்கு'ன்னு நீ சொல்லணும். மாத்திச் சொன்னே, அடுத்த பிளைட்ல ஊருக்கு ஏத்திடுவேன்!"

உங்கள் பாஸ்போர்ட் எல்லாம் யாரிடம் இருக்கிறது என்று அதிகாரி கேட்டார். உடையப்பன் பணிவாகச் சொன்னான்: "எங்ககிட்டதான் இருக்கு மேடம்."

"எங்கே, காட்டு."

"இதோ காட்டுறேன். முதலாளி, உங்க அரைஞாண்ல தொங்குற பெட்டிச் சாவியைக் கொஞ்சம் கொடுங்க."

சிங்காரவேலு சட்டென்று இடுப்பைக் கையால் மூடிக்கொண்டார். அதிகாரி கையை நீட்டினார்.

பதினோரு பேரும் பாஸ்போர்ட்டோடு வெளியே வந்தார்கள். விசாரணை முடியும்வரை முதலாளியின் பாஸ்போர்ட்டை அதிகாரி வாங்கிக்கொண்டார்.

"கவலைப்படாதீங்க முதலாளி," என்றான் உடையப்பன். "பத்திரமா இருக்கும்."