தலைவருக்கு உசரமான ஹேண்டில்பார்

பைக் கிளப் தலைவர் தனகோபாலுக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. கிளப்பில் புதிதாகச் சேர்ந்த அபுதாகிர், தன் டூரிங் பைக்கில் உயரமான ஹேண்டில்பார் மாட்டிவிட்டான். போட்டோ எடுக்கிறவர்கள் எல்லாரும் அந்த வண்டிப் பக்கமே போனார்கள்.

நான்காம் நாள், வேடிக்கை பார்க்க மொத்தக் கிளப்பையும் கூட்டிக்கொண்டு, மெக்கானிக் வேலாத்தாளின் பட்டறைக்கு வந்தார் தலைவர்.

"அவனுதைவிட நாலு விரக்கடை உசரமா மாட்டு. ஆனா லடாக் போய் வர்றவரைக்கும் எனக்குத் தோள் வலிக்கக் கூடாது. வலிச்சுதுன்னா, எங்க வண்டி ஒண்ணுகூட இனி உன் பட்டறைக்கு வராது!"

"அளவெடுத்துத்தானுங்க மாட்டோணும். வண்டில உக்காந்து கண்ண மூடிக்குங்க. கைய நீட்டி, சொகமா இருக்கற எடத்துல வைங்க."

தலைவர் கண்ணை மூடிக் கையை நீட்டினார். இரண்டு கையும் நேராகப் பழைய ஹேண்டில்பாரிலேயே போய் உட்கார்ந்தன. இன்னொரு தடவை செய்யச் சொன்னாள். மறுபடியும் அங்கேயேதான்.

வேலாத்தாள் ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

"கைக்கு இதே சரியா இருக்குதுங்க. கண்ணுக்குத்தான் பத்தல. அதுக்கு எங்கிட்ட ஸ்பேர் இல்லீங்க."